பஞ்சில் மாட்டிய ஊதா ஈ

என் அண்ணனுக்கு வயது ஐம்பத்தொன்று. கண்ணாடிக்கடையின் பின்னறையில் முப்பது வருடமாக லென்ஸ் தேய்க்கிறான். முன்னறையில் முதலாளி வாடிக்கையாளர்களிடம் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார். பின்னறையில் இவன் ஒரு வட்டக் கண்ணாடியை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு, மூச்சைக்கூட அளந்து விட்டுக்கொண்டிருப்பான். ஊரில் பாதிப் பேர் அவன் தேய்த்த கண்ணாடி வழியாகத்தான் உலகத்தைப் பார்க்கிறார்கள். அவர்களில் யாருக்கும் அவன் முகம் தெரியாது. அதில் அவனுக்கு வருத்தமும் கிடையாது.

பேச்சு அவனுக்கு ஆகாது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்று எங்கள் அம்மா சொல்லிச் சொல்லியே போய்ச் சேர்ந்தாள். எனக்கு அப்போதே அதில் உடன்பாடில்லை. சட்டி நிறைய இருந்தது, அகப்பையைத்தான் காணவில்லை. அவனுக்கும் சேர்த்து நானே பேசித் தீர்த்துவிட்டேன் என்பது என் வீட்டுக்காரரின் கட்சி. அவர் ரயில் ஓட்டுபவர், மாதத்தில் பாதி நாள் தண்டவாளத்தில் இருப்பவர். வீட்டு விவகாரத்தில் அவர் பேச்சுக்கு நான் பாதி மதிப்புதான் கொடுப்பேன்.

கீழே என் தையல் கடை. ஊரின் ஜன்னல்களுக்கெல்லாம் திரைச்சீலை தைப்பவள் நான். மேலே மூன்று அறை. அதில் மேற்குப் பார்த்த அறை அண்ணனுடையது. கல்யாணப் பேச்சை எடுத்தால் கழுவுற மீனில் நழுவுற மீனாக நழுவி அந்த அறைக்குள் போய்விடுவான். உள்ளே ஒரு மேசை, மேசை விளிம்பில் திருகிவைத்த, எதையும் இறுக்கிப் பிடிக்கும் சின்ன வைஸ், அதன் வாயில் எப்போதும் ஒரு தூண்டில் கொக்கி.

இங்கே ட்ரௌட் பற்றிச் சொல்லியாக வேண்டும். குளிர்ந்து ஓடுகிற தண்ணீரில் மட்டும் வாழும், உடம்பெல்லாம் புள்ளி போட்ட மீன். ஆற்றின்மேல் மிதந்து வரும் பூச்சியைக் கண்டால் மேலே வந்து கொத்தும். புழுவைக் கோத்துப் பிடிப்பது அண்ணன் கூட்டத்துக்குக் கேவலம். பூச்சி மாதிரியே ஒன்றைக் கொக்கியில் கட்டி, மீனை நம்பவைத்துப் பிடிக்க வேண்டும். அதற்கு ஈ என்று பெயர். கொக்கி அரிசி மணி அளவுதான் இருக்கும். முயல் ரோமத்தை நூலில் திரித்துச் சுற்றினால் உடம்பு, சேவலின் கழுத்து இறகைச் சுற்றினால் கால்கள், இரண்டு நார் வைத்தால் வால். கடைசியில் தலைப்பக்கம் ஒரு முடிச்சு. நிஜமான பூச்சி ஒரே நாள் இருந்து செத்துப்போகும். அண்ணன் கட்டியது பத்து வருடம் ஆனாலும் அப்படியே இருக்கும்.

இவ்வளவு பாடுபட்டுப் பிடித்ததைத் தின்பானா என்றால் அதுவும் இல்லை. எங்கள் ஊருக்கு மேலே ஆற்றில் ஐந்து மைல் தூரத்துக்கு விதி அப்படி: பிடித்ததைத் திரும்ப விட்டுவிட வேண்டும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். அண்ணன் அதை எழுத்துக்கு எழுத்து செய்கிறவன். மீனை ஈரக்கையால் பிடித்து, கோலை வைத்து அளந்து, ஆற்றிலேயே போட்டுவிட்டு வருவான். விடுவதற்கு எதற்குப் பிடிக்கிறாய் என்று இருபது வருடமாகக் கேட்கிறேன். சிரிப்பான், அவ்வளவுதான்.

ஒரு ஞாயிறு மத்தியானம் அவன் அறைக்குள் காபி கொண்டுபோனேன். ஆளைக் காணோம். இரண்டு நாற்காலிகள்மேல் பாலம் போல வைத்த ஒரு பெரிய கண்ணாடித் தொட்டி, அதில் தண்ணீர், தண்ணீரில் அவன் கட்டிய ஏழெட்டு ஈக்கள். தொட்டிக்குக் கீழே இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. ஐம்பது வயது மனிதன் தரையில் மல்லாந்து படுத்து மேலே பார்த்துக்கொண்டிருக்கிறான். நாம ஈயை மேலே இருந்து பாக்கறோம், மீன் கீழே இருந்துதானே பாக்குது என்றான். அவன் அந்த மாதத்தில் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுதான்.

எனக்கும் ஆசை வந்தது. கதவைச் சாத்திவிட்டுப் பக்கத்தில் படுத்துவிட்டேன். மேற்கு ஜன்னல் வெயில் தண்ணீர் வழியாக இறங்கிச் சுவரிலும் எங்கள் முகத்திலும் ஆடிக்கொண்டிருந்தது. மேலே தண்ணீரின் தோல் பளபளவென்று இருந்தது. அதில் ஒவ்வொரு ஈயின் காலும் பட்ட இடத்தில் ஒரு சின்னக் குழி, ஒவ்வொரு குழியிலும் ஒரு பொட்டு வெளிச்சம். கீழே சாலையில் வண்டிகள் போகிற சத்தம் எங்கேயோ தூரத்தில் கேட்டது. தைக்க வேண்டிய துணி மலையாகக் குவிந்திருந்ததும், காபி ஆறிப்போனதும் எனக்கு நினைவிலேயே இல்லை. அப்படியே தூங்கிப்போனேன் என்று அண்ணன் சொல்கிறான். நான் தூங்கவில்லை.

அந்த வசந்தத்தில்தான் அவனிடம் ஒரு மாற்றத்தைக் கவனித்தேன். வாராவாரம் ஆற்றுக்குப் போனான். வாராவாரம் வெறுங்கையோடு வந்தான். அளக்கக்கூட ஒரு மீன் கிடைக்கவில்லை. ஆனால் முகம் மட்டும் பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி மலர்ந்திருந்தது. அவன் கட்டும் ஈக்களும் மாறியிருந்தன. முன்பெல்லாம் தூசி நிறம், இலைச்சருகு நிறம். இப்போது ஆரஞ்சு உடம்பு, பொன்னிழை சுற்றிய இடுப்பு. எந்த ஆற்றில் இப்படி ஒரு பூச்சி பறக்கிறது என்று கேட்டேன். காது சிவந்துவிட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற சாமர்த்தியமெல்லாம் அவனுக்குக் கிடையாது. அடுத்த ஞாயிறு நானும் வருகிறேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன்.

பாலத்தருகே ஒரு மரக்குடில். ஆற்றுக்காவல் பார்க்கும் அதிகாரியின் இடம் அது. அங்கே ஈப்பெட்டியைத் திறந்து காட்டிவிட்டுத்தான் ஆற்றில் இறங்க வேண்டும். கொக்கியின் நுனிக்குப் பின்னால், எதிர்ப்பக்கம் சாய்ந்து ஒரு குட்டி முள் இருக்கும். குத்தினால் மீன் கழன்று போகாதபடி பிடித்துக்கொள்வது அதுதான். அதற்கு எதிர்முள் என்று பெயர். விடப்போகிற மீனின் வாயை அது கிழித்துவிடும் என்பதால் இந்த ஆற்றில் அதற்கு அனுமதி இல்லை, குறட்டால் நசுக்கித் தட்டையாக்கிவிட வேண்டும். அரிசி மணியில் அது இருக்கிறதா இல்லையா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் அந்த அதிகாரி சட்டைப்பையில் கொஞ்சம் பஞ்சு வைத்திருப்பார். கொக்கி நுனியைப் பஞ்சில் குத்தி இழுப்பார். வழுக்கி வந்தால் சரி. இழை மாட்டினால் அன்றோடு அனுமதிச் சீட்டு போச்சு, அடுத்த பருவம் வரை ஆற்றுப்பக்கம் வர முடியாது. மீன்பிடிக்கிறவர்கள் அவரைப் பஞ்சு மேடம் என்றுதான் சொல்வார்கள்.

நாற்பத்தெட்டு வயதிருக்கும். ஒண்டிக்கட்டை. நிமிர்ந்த நடை, அதிகம் சிரிக்காத முகம். அண்ணன் நகைக்கடைக்காரர் மாதிரிப் பெட்டியைத் திறந்து நீட்டினான். அவர் ஆரஞ்சு ஈயை எடுத்தார், வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பஞ்சில் இழுத்தார். "சரி" என்றார். அடுத்ததை எடுத்தார், "சரி". பத்து ஈ, பத்து சரி. அண்ணன் அந்தப் பத்துச் சொல்லையும் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டான். எனக்குப் பட்டென்று விளங்கிவிட்டது. இவன் மீன் பார்ப்பதற்காக ஈ கட்டவில்லை. அவர் இந்த ஆற்றுக்கு வந்த நாலு வருடமாக இதுதான் நடந்துகொண்டிருக்கிறது என்று பிறகு தெரிந்தது.

திரும்பி வரும்போது துருவித் துருவிக் கேட்டேன். நாலு வருடத்தில் அந்த அம்மாள் இவனிடம் பேசியது சரி, வணக்கம், மழை வரும் போலிருக்கு. இவன் அவரிடம் பேசியது வணக்கம், ஆமாம். தலையில் அடித்துக்கொண்டேன். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று அரை மணி நேரம் உபதேசம் செய்தேன். அவன் ஆற்றைப் பார்த்துக்கொண்டே நடந்தான்.

பொறுமை என்பது என்னிடம் இல்லாத சரக்கு. அந்த வாரமே, அவன் கடைக்குப் போயிருந்த நேரத்தில், அவன் மேசையில் உட்கார்ந்தேன். திரைச்சீலைக் குஞ்சத்திலிருந்து ஊதா நூலை உருவி, கொக்கியை வைஸில் மாட்டி, நானும் ஓர் ஈ கட்டினேன். கட்டைவிரல் பெருசுக்கு வந்தது. மீசை வைத்த கத்தரிக்காய் மாதிரி இருந்தது. இதைப் பார்த்தாலாவது அந்த அம்மாள் சிரிப்பார், சரிக்கு மேலே ஒரு வார்த்தை பேசுவார், இவனும் பதில் சொல்லியாக வேண்டும். அவ்வளவுதான் என் கணக்கு. பெட்டியின் ஓரத்தில் செருகிவைத்தேன். எதிர்முள்ளை நசுக்க வேண்டும் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை.

ஞாயிறு மதியத்துக்கு முன்பே அண்ணன் திரும்பிவிட்டான். நீர்ப்பூட்ஸைக் கழுவி வெயிலில் தொங்கவிட்டான். தூண்டில் கம்பை மூன்றாகக் கழற்றித் துணிப்பைக்குள் வைத்தான். சீட்டு போச்சு என்றான். எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. நாலு வருடமாக ஒரு குற்றம் குறை இல்லாத மனிதனிடம் அந்தப் பொம்பளைக்கு என்ன இவ்வளவு திமிர் என்று கத்தினேன். வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். அவன் பெட்டியைத் திறந்தான். ஊதா ஈயின் கொக்கி நுனியில் பஞ்சு இழை ஒட்டிக்கொண்டிருந்தது.

நான் கட்டினது என்று சொன்னாயா என்று கேட்டேன். இல்லையாம். ஏன் சொல்லவில்லை என்றால், "பெட்டி என்னோடது, குட்டி" என்றான். நாற்பத்தாறு வயதிலும் நான் அவனுக்குக் குட்டிதான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அறைக்குள் போகும்போது வாசலில் நின்று, எனக்குக் கேட்கட்டும் என்றில்லாமல் சொன்னான்.

"என்னை ஏமாத்துக்காரன்னு நினைச்சிருப்பாங்க."

அந்தக் கோடையை நினைத்தால் எல்லாம் ஒரே மத்தியானமாகத்தான் ஞாபகம் வருகிறது. அண்ணன் வேலைக்குப் போனான், வந்தான், மேசையில் உட்கார்ந்தான். ஈ கட்டினான், கட்டியதை அவிழ்த்தான். அவிழ்த்த இறகுத் துணுக்குகள் வெயில் கற்றையில் ஏறியும் இறங்கியும் மிதந்தன. சில சமயம் வெறும் தொட்டிக்குக் கீழே போய்ப் படுத்துக்கொண்டான். ஆறு ஒரு வருடம் கழித்துத் திரும்பக் கிடைத்துவிடும் என்பது அவனுக்கும் தெரியும். அந்த அம்மாளின் மனதில் விழுந்த பெயரைத்தான் யார் திருத்துவது? அதற்குக் காரணம் நான். சோறு இறங்கவில்லை எனக்கு.

மூன்றாவது வாரம் ஒரு வியாழக்கிழமை, கடையைச் சாத்திவிட்டு, பிளாஸ்கில் டீ போட்டுக்கொண்டு ஆற்றுக்கு நடந்தேன். பஞ்சு மேடம் குடிலில் தனியாக உட்கார்ந்து நீர்மட்டத்தை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். யாரென்று சொன்னேன். தெரியும் என்றார். டீயை ஊற்றி நீட்டினேன். வாங்குவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டார்.

"உங்ககிட்ட சீட்டு இருக்கா?"

எனக்கு மீன் பிடிக்கவே தெரியாது என்றேன். அப்போதுதான் வாங்கிக் குடித்தார். சீட்டு வைத்திருப்பவர்கள் கையால் காவல் அதிகாரி ஒரு வாய்த் தண்ணீர்கூட வாங்கக் கூடாது, அவர்களோடு ஆற்றுக்கு வெளியே பழகவும் கூடாது என்று விதியாம். சோதிக்கிற கை சாயக் கூடாது என்பதற்காக. பதினோரு வருட வேலையில் ஒருமுறைகூட அவர் அதை மீறியதில்லை.

நான் நேரே விஷயத்துக்கு வந்தேன். ஊதா ஈ என் வேலை, அண்ணனுக்கு ஒன்றும் தெரியாது, வேண்டுமானால் எனக்குத் தண்டனை கொடுங்கள் என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அது அவர் கட்டினது இல்லன்னு பார்த்த உடனே தெரியும். நாலு வருஷமா அவர் முடிச்சைப் பாக்கறேன். கண்ணை மூடிட்டுத் தொட்டாக்கூடச் சொல்லிடுவேன்."

"அப்புறம் எதுக்குச் சீட்டை வாங்கினீங்க?"

"பெட்டி அவரோடது."

இரண்டு பேருக்கும் ஒரே பதில். இதுகள் இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்கு எரிச்சலாகக்கூட வந்தது. வெளியே ஆறு கல்லில் உரசிக்கொண்டு போனது. மறுகரை மரங்களுக்குக் கீழே தண்ணீர் கண்ணாடி மாதிரி நின்றது. அதில் ஒரு வட்டம் விரிந்தது, அடங்கியது. ட்ரௌட் மேலே வந்துபோன அடையாளம் அது. அவர் அந்த வட்டம் மறைகிறவரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு காலிக் கோப்பையை என்னிடம் நீட்டிக்கொண்டே சொன்னார்.

"இப்போ உங்க அண்ணன்கிட்டயும் சீட்டு இல்ல."

எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் பிளாஸ்கை மூடக்கூட இல்லை, வீடு வந்துதான் நின்றேன். அண்ணனிடம் வார்த்தை மாறாமல் சொன்னேன். இன்னொரு தடவை சொல்லு என்றான். சொன்னேன். எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தான், மறுபடியும் போய் முகம் கழுவினான்.

அடுத்த வியாழக்கிழமையிலிருந்து அவர் வாராவாரம் எங்கள் வீட்டுக்கு டீ குடிக்க வந்தார். முதல் நாள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து மழையைப் பற்றிப் பேசினார்கள். மழையே பெய்யாத மாதம் அது. இரண்டாவது வாரம் அண்ணன் தொட்டியைக் காட்டினான். மூன்றாவது வாரம் நான் டீத் தட்டோடு போனபோது நாற்காலிகளுக்குக் கீழே நாலு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. அண்ணன் பேசிக்கொண்டிருந்தான். என் அண்ணன்! மீன் கண்ணுக்கு எந்த நிறம் முதலில் மங்கும், மனிதக் கண்ணுக்கு எது, மழைக்கு முன்னால் எந்தப் பூச்சி வரும், எங்கள் அப்பா செத்த அன்று ஆற்றில் என்ன பார்த்தான். அதை எனக்கே அவன் சொன்னதில்லை. கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. தட்டைக் கதவருகே வைத்துவிட்டு இறங்கிவந்து, ஒரு ஜன்னல் அகலத்துக்குக் கோணலாகத் தைத்து, அத்தனையையும் பிரித்தேன்.

இலையெல்லாம் கொட்டியது. பனி வந்தது. வியாழக்கிழமைகளில் சீக்கிரமே இருட்டியது. விளக்கைப் போட மறந்து அவர்கள் பேசிக்கொண்டிருப்பார்கள். இருட்டு அறையிலிருந்து இரண்டு தாழ்ந்த குரல்கள் படிக்கட்டில் இறங்கிவரும். தையல் எந்திரத்தை நிறுத்திவிட்டு நான் சும்மா உட்கார்ந்திருப்பேன். வார்த்தை கேட்காது, கேட்கவும் வேண்டாம். ஆனால் கல்யாணம் என்ற பேச்சை மட்டும் இரண்டு பேரும் எடுக்கவில்லை. நான் ஜாடைமாடையாகக் கேட்டால் அண்ணன் பழையபடி நழுவினான்.

பிறகு பனி உருகியது, ஆறு பெருகியது, மேசைமேல் புது வருடத்துச் சீட்டுக்கான படிவம் வந்து விழுந்தது. அப்போதுதான் எங்கள் மூவருக்கும் உறைத்தது. கையெழுத்துப் போட்டால் அண்ணனுக்கு ஆறு உண்டு, வியாழக்கிழமை கிடையாது. பழையபடி பஞ்சும் சரியும்தான். போடாவிட்டால் வியாழக்கிழமை உண்டு, ஆறு இல்லை. முப்பது வருடமாக அவன் போன ஒரே இடம் அந்த ஆறு. ஒரு வருடம் போகாததற்கே ஆள் பாதியாகியிருந்தான். படிவத்தை எடுப்பான், பார்ப்பான், வைப்பான். நான் வாயைத் திறக்கவில்லை. ஒருமுறை குறுக்கே புகுந்து செய்தது போதும் என்றிருந்தது.

படிவம் கொடுக்கக் கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை. முந்தின நாள் வியாழன். பஞ்சு மேடம் வந்தார், வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தார். படிவம் அவருக்கு முன்னால்தான் கிடந்தது. நான் சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்தேன். அறைக்கதவு திறந்துதான் இருந்தது.

"இன்னும் எழுதலையா?" என்றார்.

"எழுதப் போறதில்ல" என்றான் அண்ணன்.

"ஏன்?"

அண்ணன் நாற்காலியைப் பின்னால் தள்ளும் ஓசை கேட்டது. மறுபடி நழுவப்போகிறான் என்று நினைத்துக் கரண்டியை இறுக்கிப் பிடித்தேன்.

"எழுதினா நீங்க வர மாட்டீங்க. ஆறு இல்லாம இருந்துடலாம். இருந்து பாத்துட்டேன். நீங்க வராம முடியாது."

ஐம்பத்தொரு வருடத்தில் அவன் சொன்னதிலேயே பெரிய பேச்சு. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பிறகு அவர் கைப்பையைத் திறக்கும் ஓசை, காகிதம் பிரியும் ஓசை. அலுவலகத்தில் படிக்கிற குரலில்தான் படித்தார்.

"விதி பதினாலு. சீட்டு உள்ளவரோட அதிகாரி பழகக் கூடாது. கீழே ஒரு வரி இருக்கு. கணவன் மனைவியா இருந்தா இது பொருந்தாது. சோதனையை மட்டும் வேற அதிகாரி செய்யணும்." காகிதம் மடிந்தது. "தலைமை ஆபீசுல போய்க் கேட்டுட்டு வந்தேன். சரிதான்னு சொன்னாங்க."

டீ பொங்கி அடுப்பில் வழிந்தது. நான் அடுப்பை அணைக்கவில்லை.

"அந்தக் கடைசி வரியை இன்னொரு தடவை படிங்க" என்றான் அண்ணன்.

அவர் மறுபடியும் காகிதத்தைப் பிரித்தார். இரண்டாவது தடவை படித்தபோது அது அலுவலகக் குரலாக இல்லை.